அபயதானம்: ஊர்க்காவலுக்குப் பொருள் தருவது யார்?

(சேவூரில் நடைபெற்ற அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இம்மேடையில் எனக்கு இலக்கியத் தலைப்பையே தருவார்கள். சிலம்பு, சிந்தாமணி, நாலடியார் என்று ஆண்டுக்கு ஒன்றாகப் பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டு செயலாளர் என் வீட்டிற்கு வந்து, "ஐயா, இம்முறை ஊர்க்காவலைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். தமிழாசிரியனுக்கும் ஊர்க்காவலுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபோது, நம் நூல்கள் இதைப்பற்றி நிறையவே சொல்லியிருக்கின்றன என்பது புலப்பட்டது.

செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் கோயிலைச் சுற்றியும் தெருக்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தித்தர ஒரு தனியார் நிறுவனம் முன்வந்திருப்பதாகச் சென்ற பொதுக்குழுவில் தெரிவிக்கப்பட்டது. "உடனே ஏற்போம்" என்றனர் சிலர். "கம்பந்தோறும் அவர்கள் பெயர்ப்பலகை தொங்குமே" என்று தயங்கினர் சிலர். "ஊரைக் காப்பது காவல்துறையின் கடமை, அதற்கு நாம் ஏன் பொருள் தேட வேண்டும்?" என்று வினவினார் ஒரு பெரியவர். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது. மூவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் மூவரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. அதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான்காவது தானம்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அன்னதானத்துக்கு நம்மிடம் ரசீதுப் புத்தகம் உண்டு. மருத்துவ முகாமுக்குக் கொடையாளர் உண்டு. நூல் வெளியீட்டுக்கு நிதி உண்டு. அபயதானத்துக்கு ரசீதுப் புத்தகம் அச்சிட்ட அறக்கட்டளை எதையும் நான் கண்டதில்லை. அபயம் என்பது எல்லா உயிர்க்கும் அச்சம் நீக்கி அடைக்கலம் தருதல். அதை முனிவர்க்குரியதென்றும், உயிர்க்கொலை விலக்குதல் மட்டுமே என்றும் எண்ணி நாம் ஒதுங்கிவிட்டோம்.

நம் தெருவைப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டமையால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! எழுபதைக் கடந்த தாய்மார் தனியே இருந்துகொண்டு, விளக்கு வைத்தவுடன் கதவைத் தாழிடுகின்றனர். கோயிலில் உபாத்தியாயர் ஒருவரே அத்தனை திருமேனிகளுக்கும் பொறுப்பு. இவர்களுடைய அச்சத்தை நீக்குவதும் அபயதானமே என்பது என் கருத்து.

இதற்கு ஏன் எவரும் பொருள் தருவதில்லை? பசித்தவன் உண்டதைக் கண்ணால் காணலாம். நோயாளி எழுந்து நடப்பதைக் காணலாம். நடவாத திருட்டை எவர் காண்பார்? நிகழாத ஒன்றுக்குக் கணக்கு எழுதுவது கடினம். உலகெங்கும் குற்றத்தடுப்புக்கு நிதி திரட்டுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர் இதுவே.

நம் முன்னோர் கண்ட வழிகள்

புகார் நகரின் இந்திரவிழாவைப் பாடும் இளங்கோவடிகள் அந்நகரின் ஐவகை மன்றங்களைக் காட்டுகிறார். வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் பூட்டும் காவலும் இன்றிக் குவிந்து கிடக்கும். களவாட முயல்வோன் கழுத்து நோவ அப்பொதியைச் சுமந்து சுற்ற நேரும். பூதசதுக்கத்துப் பூதமோ பொய்ச்சான்று கூறுவோர் முதலிய தீயோரைக் கயிற்றால் கட்டிப் புடைக்கும். இன்றைய கண்காணிப்புக் கேமராவின் மூத்த வடிவம் அந்தச் சதுக்கப் பூதம் என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், மழை பொழிந்து தெருவில் நீரோடும் நள்ளிரவிலும் தளராது சுற்றிவரும் ஊர்க்காப்பாளரைப் போற்றுகிறார்.

இலக்கியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். இடைக்காலத் தமிழகத்தில் 'பாடிகாவல்' என்றொரு வரி இருந்தது. ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய வரி அது. எனவே, "காவலுக்கு நாம் ஏன் பொருள் தர வேண்டும்?" என்ற வினாவுக்கு நம் முன்னோர் சோழர் காலத்திலேயே விடை கண்டுவிட்டனர். ஆனால் பிற்காலத்தில் நேர்ந்ததையும் மறக்கலாகாது. ஊர்ச்சபைகள் தளர்ந்தபோது பாடிகாவல் உரிமையை வலிமை மிக்க தலைவர்களுக்குச் சில ஊர்கள் விற்றன. காவல் ஊராரின் கையை விட்டுப் போயிற்று.

பின்னாளில் மதுரை, நெல்லைச் சீமைகளில் நிலவிய காவல் முறை இன்னும் வியப்புக்குரியது. காவல்காரர் ஊராரிடம் காவற்கூலி பெறுவார். களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத்தர வேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்ய வேண்டும். 'பயன் விளைந்தால் மட்டுமே பணம்' என்று இன்று மேலைநாட்டு நிதி வல்லுநர் பேசும் கொள்கையை நம் சிற்றூர்கள் எழுதாச் சட்டமாகக் கையாண்டிருக்கின்றன. ஆனால் அதிலும் கேடு புகுந்தது. காணாமற்போன மாட்டை மீட்டுத்தரத் 'துப்புக்கூலி' வாங்கும் வழக்கம் வந்ததும், மாடு காணாமற்போவதே சிலருக்கு வருவாய் ஆயிற்று. காவலுக்குப் பணம் தராத ஊரில் களவு மிகுந்தது. எதற்குப் பணம் தருகிறோமோ அது பெருகும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

அண்மைக் கால அனுபவங்கள்

நம் காலத்துக்கு வருவோம். 1993இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 'காவலர் நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களில் ஆர்வமுடையோர் காவலர்க்குத் துணைநின்றனர். பின்னர் அது மாநிலம் முழுதும் பரவியது. 1999இல் திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி, ஒவ்வொரு பகுதிக்கும் அப்பகுதி மக்கள் முகமறிந்த ரோந்துக் காவலரை நியமித்தார். நகரெங்கும் புகார்ப்பெட்டிகள் வைத்தார். குடிசைப் பகுதிகளைக் காவலர் தத்தெடுத்து அங்கே நலப்பணி செய்யவும் வழிவகுத்தார். காவலரும் மக்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் உறவே அத்திட்டத்தின் மூலதனம்.

2017க்குப் பின் சென்னையில் ஆணையர் ஏ.கே. விசுவநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கங்கள், வணிகர்கள், நிறுவனங்கள் தம் பொருளிலேயே கேமராக்களை நிறுவக் காவல்துறை ஊக்குவித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் நகரில் அமைந்தன. சங்கிலிப் பறிப்பு வழக்குகள் பலவற்றில் அப்பதிவுகள் துப்புத் துலக்கின. குற்றத்தடுப்பில் தனியார் பொருள் பெருமளவில் பயன்பட்டதற்குத் தமிழகத்தின் தக்க சான்று இதுவே. ஆனால் பொருத்துவதற்குக் கொடையாளர் கிடைப்பது போலப் பழுதுபார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. திறப்புவிழாவுக்கு மாலை உண்டு. மின்கலம் மாற்றுவதற்கு மாலை ஏது?

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. அப்போது காவலர் நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அவ்வியக்கத்துக்கு அரசு தடை விதித்தது. நல்லெண்ணத்தில் பிறந்த அமைப்பும் பொறுப்புக்கூறல் இல்லாவிடில் அச்சம் நீக்குவதற்கு மாறாக அச்சம் தருவதாகிவிடும்.

கண்ணகி கதையும் அதுதானே! மதுரையில் சிலம்பைக் களவு செய்தவன் பொற்கொல்லன்; உயிர் இழந்தவன் கோவலன். ஆராயாது சொன்ன ஒரு சொல்லால் கள்வன் தப்பினான், குற்றமற்றவன் மாண்டான், ஊர் எரிந்தது. காவல் என்பது பொருளுடையவனின் அச்சத்தை மட்டும் நீக்கினால் போதாது. ஐயத்துக்கு ஆளாகும் ஏழையின் அச்சத்தையும் நீக்க வேண்டும். இரு பக்கமும் அச்சம் நீங்கினால்தான் அது அபயம்.

சிவப்புக் கோடு

இவ்விடத்தில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஆரணி வட்டாரத்தில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முத்துப் போன்ற கையெழுத்து. தந்தை பட்டுத்தறி நெய்பவர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியவில்லை. வெளியே வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. பையன் தறியில் உட்கார்ந்தான். பள்ளிக்கு வருவது நின்றது. சில வாரம் 'வ' போடாமல் விட்டு, பின்னர் 'நீண்ட நாள் வராதவர்' என்று குறித்து, வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மீது சிவப்பு மையால் கோடு இழுத்தேன். விதிப்படி நான் செய்தது சரி. அவன் வீட்டுக்கு நான் ஒருமுறையும் போகவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் இரு காவலர்க்கு நடுவே அவனைக் கண்டேன். மோட்டார் சைக்கிள் திருட்டு. என்னைக் கண்டதும் தலைகுனிந்து, "வணக்கம் ஐயா" என்றான். மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. சிறை மீண்டபின் அவனுக்கு எவரும் தறி தரவில்லை; கடை வேலையும் தரவில்லை. மறுபடியும் ஒரு வழக்கு. இப்போது அவன் எங்கிருக்கிறான் என்பதை நான் அறியேன்.

அன்று அப்பேருந்து நிலையத்தில் பத்துக் கேமராக்கள் இருந்திருந்தால் அவன் இன்னும் விரைவாகப் பிடிபட்டிருப்பான். அவ்வளவே. அவன் கள்வன் ஆகாமல் தடுத்திருக்கக்கூடியது கேமரா அன்று. ஓர் ஆசிரியனின் மாலைப்பொழுதும் ஒரு சிறு கடனுதவியும்தாம். நம் பொதுக்குழுவில் எவரும் கேட்க மறந்த வினா இதுவே: காவலுக்கென நாம் திரட்டும் பொருளில், கள்வனைப் பிடிப்பதற்கு எவ்வளவு, ஒருவன் கள்வன் ஆகாமல் காப்பதற்கு எவ்வளவு?

உலகம் செய்து பார்த்தவை

இந்த வினாவுக்கு இங்கிலாந்து 2010இல் ஒரு விடை தேடியது. பீட்டர்பரோ என்னும் ஊர்ச் சிறையிலிருந்து குறுகிய காலத் தண்டனை முடிந்து வெளிவருவோர் மீண்டும் மீண்டும் குற்றம் புரிந்து சிறை திரும்பினர். அவர்களுக்கு உறைவிடமும் வேலையும் ஆற்றுப்படுத்தலும் தருவதற்கு 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்டு அளித்தனர். மறுகுற்றம் 7.5 விழுக்காடு குறைந்தால் அரசு முதலும் வட்டியும் தரும். குறையாவிடில் முதலும் போகும் என்பது ஒப்பந்தம். உலகின் முதல் 'சமூகப் பயன் பத்திரம்' அது. 2017இல் கணக்கிட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றக் கைதிகளைவிட இவர்களின் மறுகுற்றம் 9 விழுக்காடு குறைந்திருந்தது. முதலீட்டாளர்க்கு முதலோடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலான வருவாயும் கிட்டியது. நடவாத குற்றத்துக்கும் கணக்கு எழுதலாம் என்று அவர்கள் காட்டினர்.

எங்கும் வெற்றியே என்று எண்ணவேண்டா. 2012இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இளஞ்சிறார்க்கென இதே முறையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. கோல்ட்மேன் சாக்ஸ் என்னும் பெருநிதி நிறுவனம் 96 லட்சம் டாலர் கடனாகத் தர ஒப்பியது. அதில் 72 லட்சத்துக்கு அந்நகர மேயராக இருந்த புளூம்பெர்க்கின் அறநிறுவனம் பிணை நின்றது. மறுகுற்றம் குறையவில்லை என்று மதிப்பீட்டாளர் கண்டனர். 2015இல் திட்டம் நின்றது. மாநகராட்சி ஒரு காசும் தரவில்லை. தோல்வியின் இழப்பைப் பொருளுடையோர் ஏற்றனர். வரி செலுத்தும் எளியோர் மீது அது விழவில்லை. தோற்ற திட்டமே ஆயினும் கணக்கில் நேர்மை இருந்தது.

நம் நாட்டிலும் வழிகள் திறந்துள்ளன. 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட சமூகப் பங்குச்சந்தைக்கு 2022இல் செபி விதிமுறைகள் வகுத்தது. தொண்டு நிறுவனங்கள் அங்கே ஒருவகைப் பத்திரம் வெளியிடலாம். அதற்கு வட்டியும் இல்லை; முதலும் திரும்பாது; செய்த பணியின் அறிக்கை மட்டும் வரும். இப்பத்திரத்துக்கு நம் பாட்டன்மார் வைத்த பெயர் தானம்! ஆனால் குறைந்தது 50 லட்சம் ரூபாய்க்கேனும் வெளியிட வேண்டும் என்பது விதியாதலால், நம் போன்ற சிற்றூர் அறக்கட்டளைக்கு அது எட்டாது.

எட்டக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூவாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும். செய்யாறு சிப்காட் நமக்குத் தொலைவில் இல்லை. கல்வியும் வாழ்வாதாரமும் அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. மற்றொன்று, 1997-98இல் தமிழக அரசு தொடங்கி 2021இல் மீண்டும் உயிர்ப்பித்த 'நமக்கு நாமே' திட்டம். பொதுப்பணி ஒன்றின் செலவில் மக்கள் மூன்றில் ஒரு பங்கேனும் தந்தால் எஞ்சியதை அரசு ஏற்கும்.

சிறைத்துறையைப் பாருங்கள். இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு இணைந்து வேலூர், புழல் முதலிய இடங்களில் பெட்ரோல் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. அங்கே பணிபுரிவோர் தண்டனைக் கைதிகள். 2023இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் நிலையமும் திறக்கப்பட்டது. சென்னையில் காவல்துறையின் சிறார் மன்றங்கள் கொடையாளர் துணையோடு எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலைக் கல்வியும் விளையாட்டும் அளித்து வருகின்றன. கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழிலை விட்டுத் திருந்தியோர்க்குக் கறவை மாடு முதலியன வாங்க அரசு மறுவாழ்வு நிதி தருகிறது. இவையெல்லாம் கள்வன் ஆகாமல் காக்கும் செலவுகள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 முதல் சென்னை மாகாணத்திலும் பரவிற்று. பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டனர். அவர்களைக் குடியேற்றங்களில் அடைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பைத் தனியார் அமைப்புகளிடமும் தந்தனர். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை இரட்சணிய சேனை நடத்திற்று. சட்டம் 1952இல்தான் நாடெங்கும் நீங்கியது. குற்றத்தடுப்பு என்ற பெயரில் ஒரு தெருவையோ ஒரு குலத்தையோ சுட்டுவது எத்தகைய கொடுமையில் முடியும் என்பதற்கு இது சான்று. நாமும் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். இதை நாம் அன்றி யார் நினைவில் வைப்பார்?

கள்ளாமையின் ஐந்து குற்றங்கள்

நம் அறநூல்கள் இதில் நமக்கு வழிகாட்டுகின்றன. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமியாரின் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது: பிறனைக் களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதிகளை மீறுதல், அளவையில் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல். உற்று நோக்குங்கள். ஐந்தில் ஒன்றும் சுவரேறிக் குதிப்பவனைப் பற்றியதன்று. அனைத்தும் சந்தையிலும் கடையிலும் திண்ணையிலும் இருக்கும் நம்மைப் பற்றியவை.

களவுப் பொருளை வாங்குவோன் இருக்கும்வரை களவு நிற்காது. சோழநாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவ்விலை தருவார் இருந்தமையால்தான் ஊர்க்கோயிலின் பூட்டு உடைந்தது. 2014இல் அத்திருமேனி நாடு திரும்பியது. திரும்பத் துணைநின்றது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படம்! பல கோடிப் பொருளைக் கடல்கடந்து மீட்டது ஒரு படச்சுருளின் செலவு. நம் வட்டாரத்து அருகன் கோயில்களில் எத்தனை திருமேனிகளுக்கு அளவோடும் குறிப்போடும் கூடிய நிழற்படப் பதிவேடு இருக்கிறது?

என் வேண்டுகோள்

இனி, நம் முன் உள்ள நன்கொடையை ஏற்பதா மறுப்பதா? ஏற்கலாம் என்பது என் கருத்து. நான்கு நெறிகளுக்கு உட்பட்டு.

முதலாவது, கேமரா வருமுன் பதிவேடு வரட்டும். நம் திருமேனிகள் அனைத்தையும் படமெடுத்து, உயரம், எடை, எழுத்துக் குறிப்பு ஆகியவற்றோடு மூன்று படிகள் செய்து, ஒன்று கோயிலிலும் ஒன்று அறக்கட்டளையிலும் ஒன்று காவல் நிலையத்திலும் இருக்கட்டும். கைபேசி வைத்திருக்கும் நம் பேரப்பிள்ளைகள் ஒரு விடுமுறையில் செய்து முடிப்பர்.

இரண்டாவது, கேமராவுக்கு எழுத்திலான விதி வேண்டும். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், பழுது யார் செலவு என்பன முன்பே ஒப்பந்தமாக வேண்டும். கோயிலையும் பொதுவழியையும் அது பார்க்கட்டும். எவர் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டா. பொருள் தருபவர் பெயர் ஒரே பலகையில் இருக்கட்டும். பதிவின் திறவுகோல் அவர் கையில் இருத்தலாகாது. பாடிகாவலை விற்ற ஊர்களின் நிலை நமக்கு வரவேண்டா.

மூன்றாவது, கேமராவுக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக ஒரு ரூபாயைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குவோம். தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலைக் கல்வி நிலையம் அமையட்டும். சாதி, சமயம் பாராது ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் வரட்டும். நூறு குடும்பங்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தந்தால் ஒரு லட்சம். மாதம் எட்டாயிரத்துக்கு மேல். நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்கும் ஒரு பட்டதாரிக்கு அது மதிப்பூதியமாகும். அதே நிறுவனத்திடமும் இதற்குப் பங்கு கேட்போம். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மூவாயிரம் ரூபாய் தருவாரின்றித்தான் நெசவாளர் அவ்வாசலுக்குப் போகின்றனர். அதற்கென ஒரு சிறு வட்டியில்லாக் கடன் நிதியும் வேண்டும்.

நான்காவது, கணக்கு. நிறுவனத்தின் கொடையில் பாதியை முதலிலும், மீதியை ஓராண்டு முடிவில் மூவர் குழு ஆராய்ந்த பின்னும் பெறுவோம். அவர்க்கும் நம்பிக்கை, நமக்கும் கட்டுப்பாடு. ஆனால் எதை எண்ணுவது என்பதில் விழிப்பு வேண்டும். எத்தனை பேர் பிடிபட்டனர் என்பதை வெற்றியின் அளவாகக் கொள்ளவே கூடாது. துப்புக்கூலியின் கதை மீண்டும் வரும். எத்தனை பிள்ளைகள் இடைநிற்காமல் பத்தாம் வகுப்பு முடித்தனர், ஊரில் எத்தனை களவுப் புகார்கள் பதிவாயின, கேமராக்கள் எத்தனை நாள் பழுதின்றி இயங்கின, தனித்திருக்கும் மூத்தோர் வீட்டுக்கு வாரம் எத்தனை முறை ஒருவர் சென்று நலம் கேட்டார் என்பவற்றை எண்ணுவோம். அவ்வெண்ணிக்கையை ஆண்டுதோறும் இவ்விழா மலரிலேயே, வரவு செலவுக் கணக்கின் பக்கத்தில் அச்சிடுவோம். குறைந்திருந்தால் குறைந்தது என்றே அச்சிடுவோம்.

சிறை மீண்டு வருபவனுக்கு ஒரு தறி தர நம்மில் யாரேனும் முன்வருவரா என்று கேட்க எனக்கு ஆசை. அது கடினமான வினா. நம் பட்டுக்கும் சரிகைக்கும் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள், நியாயம். அதற்கும் அறக்கட்டளை பிணை நிற்கலாம். ரைக்கர்ஸ் தீவில் பிணை நின்ற அறநிறுவனம் தன் பொருளை இழந்தது. அதனால் அதன் பெயர் கெடவில்லை.

எனக்கு ஓய்வு கிடைத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மாலை நேரம் என்னிடம் நிறைய இருக்கிறது. அக்கல்வி நிலையத்தில் வாரம் மூன்று நாள் ஊதியமின்றித் தமிழ் கற்பிக்க நான் பெயர் தருகிறேன். அங்கே ஒரு வருகைப் பதிவேடும் வைப்போம். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நானே போவேன். அப்பதிவேட்டில் சிவப்பு மை பயன்படாது.

பெரியோர்களே! இன்று இவ்வுரை முடிந்ததும் அன்னதானத்துக்கான ரசீதுப் புத்தகம் வழக்கம் போல் உங்களிடம் வரும். அதனோடு இன்னொரு புத்தகமும் வரட்டும் என்று செயலாளரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதன் தலைப்பில் 'அபயதானம்' என்று அச்சிட்டிருக்கும். முதல் ரசீது என் பெயருக்கு எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது ரசீதை எழுத வேண்டியவர் உங்களில் ஒருவர்.